உறுமக் கற்பவர் தொண்டையைப் பலி கொடுக்க வேண்டியதில்லை

மெட்டல் இசையில் உறுமிப் பாடக் கற்கும் இளைஞர்களுக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. "இப்படிக் கத்தினால் தொண்டை போய்விடும்" என்பார்கள் வீட்டில். "ஆரம்பத்தில் வலிக்கத்தான் செய்யும், தாங்கிக்கொள், பழகிவிடும்" என்பார்கள் ஏற்கெனவே மேடையேறிய அண்ணன்கள். எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: குரல் நாண்களைப் புண்ணாக்கினால்தான் அந்த ஓசை வரும் என்பது. அந்த நம்பிக்கை தவறு.

ஓசை எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். நாம் பேசும் குரல் நாண்களுக்குச் சற்று மேலே 'பொய்க் குரல் நாண்கள்' என்று இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு. ஆழ்ந்த உறுமலில் பெரும்பாலும் அதிர்பவை இவையும் சுற்றியுள்ள திசுக்களும்தான். ரஷ்யாவின் துவா பகுதி நாட்டுப்புறப் பாடகர்களின் 'கார்கிரா' பாணியில் உண்மை நாண்கள் இருமுறை அதிரும்போது பொய் நாண்கள் ஒருமுறை அதிர்கின்றன. அதனால்தான் குரல் ஒரு ஸ்தாயி கீழே கேட்கிறது. 2022இல் லோர்னா ஷோர் மெட்டல் குழுவின் பாடகர் வில் ராமோஸ், உறுமும்போதே தன் குரல்வளைக்குள் கேமராவை விட்டுப் பார்க்கச் சம்மதித்தார். நாண்களுக்கு மேலுள்ள பகுதிகள் நெருங்கி அதிர்வது அதில் தெரிந்தது. ஒருவர் தொண்டையை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பெழுத முடியாது, உண்மைதான். ஆனால் ஜார்ஜ் ஃபிஷர் 1995 முதல் கேனிபல் கார்ப்ஸ் குழுவில் உறுமி வருகிறார். கிழிந்த தொண்டை அத்தனை ஆண்டு தாங்காது.

அடுத்து, "பழகிவிடும்" என்ற பேச்சு. எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். கிதார் வாசிப்பவரின் விரல் காய்த்துப்போவது போலத் தொண்டையும் காய்த்து உறுதியாகிவிடும் என்று நம்பவைக்கிறார்கள். குரல் நாணில் அப்படிக் காய்ப்பதற்கு மருத்துவத்தில் பெயர் முடிச்சு; அது ஒரு நோய். முடிச்சு விழுந்தால் நாண்கள் முழுமையாக மூடாது, காற்று கசியும், குரல் கரகரக்கும். எனவே வலியோ எரிச்சலோ வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். வலி வந்தால் நுட்பம் எங்கோ பிசகியிருக்கிறது. பெரும்பாலும் கழுத்தை இறுக்கி, மூச்சை முரட்டுத்தனமாகத் தள்ளியிருப்பீர்கள்.

சத்தமாகப் பாடினால்தான் உறுமல் என்பதும் பொய். பதிவில் இடியாகக் கேட்பதில் பெரும்பங்கு மைக்குடையது. நியூயார்க்கின் மெலிஸா கிராஸ் போன்ற பயிற்சியாளர்கள் மூச்சைக் கட்டுப்படுத்துவதிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒத்திகையில் டிரம்ஸ் சத்தத்தில் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காவிட்டால், ஸ்பீக்கரை உங்கள் பக்கம் திருப்புங்கள். தொண்டையால் டிரம்ஸோடு போட்டி போடாதீர்கள்.

புண்பட்ட தொண்டையைத் தேனும் அதிமதுரமும் சரிசெய்துவிடும் என்பாரும் உண்டு. இதமாக இருக்கும், தடையில்லை. ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, நாண்களைத் தொடுவதில்லை. தண்ணீரும் உடம்பில் கலந்த பிறகே அங்கே ஈரம் சேர்க்கும். மேடையேறும் நேரத்தில் ஒரு பாட்டில் குடித்துப் பயனில்லை, நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். மரத்துப்போகச் செய்யும் ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம், அது எச்சரிக்கும் வலியையே மறைத்துவிடும்.

பயிற்சிக்கு மறுநாள் காலை, மிக உச்சமான சுருதியில் மிக மெல்லிய குரலில் ஓர் எளிய பாட்டைப் பாடிப் பாருங்கள். வழக்கமாக வரும் இடத்தில் குரல் காற்றாகப் போனாலோ, தாமதமாகப் பிடித்தாலோ நாண்கள் வீங்கியிருக்கக்கூடும். அன்று உறுமல் கூடாது. கரகரப்பு நாலு வாரம் தாண்டியும் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று குரல்வளையைக் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள்.