காதுக்கு ஒரு நூல்!

காஞ்சீபுரத்துக்குத் தெற்கே, செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். பல நூற்றாண்டுகள் கடந்தும் அந்தப் பதிகம் வாழ்கிறது. எப்படி? ஏட்டில் இருந்து வாழ்ந்தது பாதி. ஓதுவார் பாட, ஊரார் காதால் கேட்டு வாழ்ந்தது மீதி.

இந்த வட்டாரம் பட்டு நெசவுக்குப் பேர் போனது. தறியில் உட்கார்ந்தவருக்குக் கை ஓயாது, கால் ஓயாது, கண்ணும் இழையை விட்டு அகலாது. சும்மா இருப்பது காது ஒன்றுதான்! அந்தக் காதுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? நல்ல புத்தகம் கேட்கும் வேலை கொடுக்கலாம்.

இப்போது ஒலிப்புத்தகங்கள் வந்துவிட்டன. குரல் வளம் உள்ளவர்கள் ஒரு புத்தகத்தை முழுவதும் படித்துப் பதிவு செய்கிறார்கள். கைப்பேசியிலேயே கேட்கலாம். கோர்வைக்குக் கணக்குப் பார்க்கும் வேளையில் நிறுத்தி வைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சுருட்டுத் தொழிலாளர் காட்டிய வழி

வேலை செய்துகொண்டே புத்தகம் கேட்பது புதுமை அல்ல. கியூபா நாட்டின் ஹவானா நகரில், சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-லேயே இந்த வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றுவார்கள். ஒருவர் உயரமான இடத்தில் அமர்ந்து பத்திரிகையும் நாவலும் படிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் முதலாளியா? இல்லை. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள்! நல்ல குரலின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில், பகலில் வில்லிபாரதம் படிப்பார்கள். பாட்டைப் பாடி, பிரசங்கியார் பொருள் சொல்வார். இரவில் கூத்து நடக்கும். எழுத்தறியாத பாட்டியும் அர்ச்சுனன் தபசை அறிந்தது இப்படித்தான்.

கேட்பது கேவலமா?

"படிப்பதுதான் படிப்பு, கேட்பது சோம்பேறித்தனம்" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. வள்ளுவர், கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். படிக்க வாய்ப்பில்லாதவனும் கேட்டறிய வேண்டும் என்றார் அவர்.

நாற்பது வயதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். பகலெல்லாம் இழை பார்த்துச் சோர்ந்த கண், இரவில் புத்தகம் பார்க்க மறுக்கும். அதனால் அவருக்கு இனிக் கதையே இல்லை என்று ஆகிவிடலாமா? பார்வை இழந்தவர்களுக்காக இங்கிலாந்தில் 1935-லேயே பேசும் புத்தகங்களை இசைத்தட்டில் வெளியிட்டார்கள். இன்று அந்த வசதி எல்லார் கையிலும் இருக்கிறது.

குரலில் இருக்கிறது சூட்சுமம்

ஆனால், யார் படித்தாலும் போதாது. 'போ' என்ற சொல்லைக் கோபமாகச் சொல்லலாம், கொஞ்சலாகவும் சொல்லலாம். அச்சில் இரண்டும் ஒன்றுதான். வேற்றுமையைக் காட்டுவது குரல். பொருள் தெரிந்து படிப்பவர், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவார். அந்த ஒரு நொடி மௌனத்தில் கேட்பவர் நெஞ்சு படபடக்கும். ஒப்பிப்பவரிடமும் உணர்ச்சியற்ற இயந்திரக் குரலிடமும் இது கிடைக்காது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அந்த நாவலைப் பம்பாய் கண்ணன் பல நடிகர்களின் குரலில் ஒலிப்புத்தகமாகத் தந்திருக்கிறார். ஆழ்வார்க்கடியான் வாதாடும்போது ஒரு குரல். நந்தினி பேசும்போது வேறொரு குரல். வீட்டுக்குள்ளேயே ஒரு நாடகமேடை வந்துவிடுகிறது!

வீட்டுக்கு ஒரு யோசனை

புதிதாக எழுத்துக் கற்றவர்கள், அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குரலோடு வரியை விரலால் தொடர்ந்து பார்க்கலாம். தெரியாத சொல்லின் உச்சரிப்பும் பழகும்; வாசிப்பும் வேகப்படும். கேட்பது படிப்புக்குப் பகை அல்ல, துணை.

ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு மூலைக்கொருவராய் உட்கார வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரைமணி நேரம், வீட்டார் எல்லாரும் சேர்ந்து கேட்கட்டும். தாத்தா விளக்கம் சொல்வார்; பேரன் கேள்வி கேட்பான்.

தறியில் ஓடுவதும் நூல். கையில் விரிவதும் நூல். பாவு மட்டும் சேலை ஆகாது, ஊடும் வேண்டும். எழுதியவர் பாவு தந்தார் என்றால், ஊடு தருவது நல்ல குரல். அந்தப் பட்டு வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொந்தம்!