பகைவனின் முகம்

சென்ற வாரம் பரீட்சைத் தாள்களுக்கு நடுவே நாம் அமர்ந்திருந்தபொழுது, பழைய மாணவன் ஒருவன் வந்து இரண்டு புஸ்தகங்களை மேஜைமீது வைத்தான். ஒன்று செங்கல் பருமன். மற்றொன்று சட்டைப் பையில் அடங்கும். "ஸார், இரண்டும் யுத்தக் கதைகள். எது உயர்ந்தது?" என்று கேட்டான். எதைக் கொடுத்தாலும் உபாத்தியாயர்கள் மார்க்குப் போட்டுவிடுவார்கள் என்பது மாணவர்களின் நம்பிக்கை. இம்முறை நாம் போடவில்லை. காரணத்தை நேயர்களுக்குச் சொல்லுகிறோம்.

பருமனான நூல் டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்'. டி. எஸ். சொக்கலிங்கம் அதைத் தமிழில் தந்திருக்கிறார். 1869-இல் நிறைவுற்ற அந்நாவல், 1805 முதல் 1812 வரை நெப்போலியனோடு ருஷ்யா செய்த யுத்தங்களைச் சொல்லுகிறது. அவை டால்ஸ்டாய் பிறப்பதற்கு முன்பே நடந்தவை. ஆயினும் செவாஸ்டபோல் முற்றுகையில் பீரங்கிப்படை அதிகாரியாக நின்றவராதலால், வெடிமருந்தின் வாசனையை அவர் அறிவார். சிறிய நூல் ஜெர்மானியரான ரெமார்க் 1929-இல் வெளியிட்ட 'மேற்குப் போர்முனையில் எல்லாம் அமைதி'. பதினெட்டு வயதில் படைக்கு அழைக்கப்பட்டு, 1917-இல் காயமுற்றவர் அவர்.

டால்ஸ்டாய் குன்றின்மேல் நின்று கதை சொல்லுகிறார். சக்கரவர்த்தியின் கூடாரம், சீமாட்டியின் நடனசாலை, ஓநாய் வேட்டை, போர்க்களம் யாவும் அவர் கண்ணுக்குத் தெரிகின்றன. இடையிடையே கதையை நிறுத்திவிட்டுச் சரித்திரத்தைப்பற்றிப் பிரசங்கமும் செய்கிறார். ரெமார்க்கோ பதுங்குகுழிக்குள் குந்தியிருக்கிறார். பவுல் என்னும் சிப்பாயின் கண்ணுக்குப் பட்டதே நமக்கும் தெரியும். எந்தத் தளபதி என்ன திட்டமிட்டான் என்பது அவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒரு ஜோடி பூட்ஸ் இறந்தவன் காலிலிருந்து அடுத்தவன் காலுக்கு மாறிக்கொண்டே போவதுதான் அங்கே சரித்திரம்.

ஆனால் ஓர் இடத்தில் இரு நூல்களும் சந்திக்கின்றன. நிக்கலாய் ரோஸ்டாவ் குதிரைமீது பாய்ந்து சென்று ஒரு பிரெஞ்சு வீரனை வாளால் வெட்டுகிறான். காயம் சிறியதே. ஆனால் கீழே விழுந்தவனுடைய முகம், மோவாயில் குழிவிழுந்த, பயத்தால் வெளிறிய இளம் முகம், அவனை விடாமல் தொடர்கிறது. அச்செயலுக்காகப் பதக்கம் வருகிறது, ரோஸ்டாவுக்கோ வெட்கமாயிருக்கிறது. பவுலும் ஒரு குழிக்குள் தன்மேல் வந்து விழுந்த பிரெஞ்சுக்காரனைக் கத்தியால் குத்திவிடுகிறான். அவன் உடனே சாகவில்லை. பவுல் காயத்தைக் கட்டி, வாயில் தண்ணீர் விடுகிறான். இறந்த பின் அவன் பையைத் திறந்தால் மனைவி, குழந்தையின் படங்கள்! ஆள் அச்சுக்கோப்பவன், பெயர் டுவால்.

ஒரே உண்மையைத்தான் இருவரும் கண்டார்கள். ஆனால் டால்ஸ்டாய் அதை இரண்டே பக்கங்களில் சொல்லி மேலே நடக்கிறார். ரோஸ்டாவுக்கு இன்னும் வாழ்வு பாக்கியிருக்கிறது. மணமுண்டு, மக்களுண்டு, நிலமுண்டு. ரெமார்க் அந்தக் குழியைவிட்டு நம்மை எழுந்திருக்க விடுவதில்லை. பவுலுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் தவிர வேறொன்றுமில்லை, முன்னால் ஒன்றுமேயில்லை. 1918 அக்டோபரில், யுத்தம் முடியச் சில வாரங்களே இருக்கையில், அவனும் இறந்துபோகிறான். அன்றைய இராணுவ அறிக்கையில் குறிப்பிடத்தக்க செய்தி எதுவும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடம்தான் நம்மை உறுத்துகிறது. அங்கே கான்டோரெக் என்றொரு உபாத்தியாயர். தேசபக்திப் பிரசங்கம் செய்து, வகுப்பு முழுவதையும் படையில் சேர்த்துவிட்டவர். தயங்கிய ஒரு பையனையும் பேசிப் பேசியே இணங்கவைத்தார். முதலில் மாண்டவர்களுள் அவன் ஒருவன். கான்டோரெக் கொடியவரல்லர். தாம் நல்லது செய்வதாகவே நம்பியவர். அதுதான் பயங்கரம்.

ஒரே மகனுக்குத் தலைவாரி, கையில் வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பிய தாயின் புறநானூற்றுப் பாட்டை நாமும் எத்தனையோ ஆண்டுகள் உருக்கமாக நடத்தியிருக்கிறோம். பையன்கள் மெய்சிலிர்த்ததைக் கண்டு பூரித்ததும் உண்டு. அந்தப் பிள்ளையின் முகம் எப்படியிருந்திருக்கும் என்று ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை. பாட்டின் பெருமை அதனால் குறையாது. நம் பாடம் குறையுடையது.

மாணவனிடம், "சிறியதை முதலில் படி, பிறகு பெரியதைப் படி. யுத்தம் எதை அழிக்கிறதென்று ஒன்று காட்டும், அழியாமல் நிற்பது எதுவென்று மற்றது காட்டும்" என்றோம். "அப்படியானால் மார்க்கு?" என்றான். அந்தப் புஸ்தகங்களே நமக்கு மார்க்குப் போட்டுவிட்டதை அவனிடம் சொல்லவில்லை.