சருகைக் கொளுத்தாதீர்கள்



ஆடிப்பட்டத்தில் போட்ட கத்தரியும் வெண்டையும் தக்காளியும் இந்நேரம் ஒரு சாண் உயரத்துக்கு வந்திருக்கும். கூடவே சாரணையும் கோரையும் அருகும் போட்டி போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கும். காலையில் களைக்கொத்தும் கையுமாக உட்கார்ந்து முதுகு வலிக்கப் பிடுங்கிய பாத்தி, அடுத்த மழைக்கு மறுபடி பச்சையாகிவிடுகிறது. தோட்டத்தையே விட்டுவிடலாமா என்று பலர் சோர்ந்துபோவது இந்தச் சமயத்தில்தான். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மண்ணைச் சருகாலும் வைக்கோலாலும் மூடிவையுங்கள், அதாவது மூடாக்கு போடுங்கள்.

களை விதைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும். பொடி விதைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். கொத்திக் கிளறும்போது, அடியில் கிடந்தவற்றை நாமே மேலே கொண்டுவந்து எழுப்பிவிடுகிறோம். மண்ணை மூடிவிட்டால் வெளிச்சம் கிடைக்காது. தப்பி முளைத்ததும் வெளுத்து, நூலாக நீண்டு கிடக்கும்; இரண்டு விரலால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும்.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. வேப்பஞ்சருகு, வாழைச்சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, கடலைத் தோல், துண்டு துண்டாக நறுக்கிய தென்னை ஓலை என்று அக்கம்பக்கத்தில் கிடைப்பதெல்லாம் மூடாக்குதான். முதலில் இருக்கிற களையைப் பிடுங்கிவிட்டு, நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈர மண்ணின் மேல் மூன்று, நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் இடம் விடுங்கள். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். கீரை விதைத்த பாத்தியாக இருந்தால், நாற்று கொஞ்சம் உயர்ந்த பிறகு வரிசைகளுக்கு நடுவே மட்டும் போடுங்கள். மக்கி இறங்க இறங்க மேலே சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

கோரைக்கு இது போதாது. அதன் கிழங்கில் இருக்கும் சத்தே முளையை மூடாக்கைத் துளைத்து வெளியே தள்ளிவிடும். மண்ணைத் தோண்டிக் கிழங்கை எடுத்துவிட்டு மூடுங்கள். பிடுங்கிய களையையும் மூடாக்காகப் போடலாம், பூ எடுக்கும் முன் பிடுங்கியதாக இருந்தால். பச்சைப் புல்லைக் குவியலாகப் போட்டால் சூடேறும், காயவைத்துப் போடுங்கள். தைல மர இலை வேண்டாம், அது மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும். அடைமழைக் காலத்தில் அடியில் நத்தை சேரும். அப்போது மூடாக்கைக் கொஞ்சம் மெல்லிசாக்கிவிடுங்கள்.

சில வாரம் கழித்து ஓரத்தில் ஒரு கைப்பிடி சருகை விலக்கிப் பாருங்கள். சுள்ளென்று வெயில் அடிக்கும் மதியத்திலும் மண் ஈரமாக, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். சருகின் அடிப்பக்கம் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கும். மண்புழு தள்ளிய உருண்டை மண் அங்கங்கே தெரியும். களையைத் தடுக்கப் போட்டது, தண்ணீரையும் மிச்சப்படுத்தி எருவாகவும் மாறிக்கொண்டிருக்கும்.

ஜப்பானில் இயற்கை உழவர் மசானபு ஃபுகுவோகா அறுவடை முடிந்ததும் வைக்கோலை நறுக்காமல் அப்படியே வயலில் பரப்பினார். இங்கே இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து மூடாக்கின் அருமையைச் சொன்னார். உழவர்களுக்குச் சொன்னது, வீட்டுக் கொல்லையில் நான்கு பாத்தி வைத்திருக்கும் நமக்கும் பொருந்தும்.

அதனால்தான் தெருமுனையில் சருகைக் கூட்டித் தீ வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. மரம் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்ததை நாம் புகையாக்கி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் ஏற்றுகிறோம். இந்த வாரம் தெருக் கூட்டுபவரிடம் ஒரு சாக்கைக் கொடுத்து, சருகை உங்களுக்குத் தரச் சொல்லுங்கள். ஒரு பாத்திக்கு மட்டும் மூடாக்கு போட்டு, பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள், காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்