செவியின் தீர்ப்பு

வங்காளத்துத் திரைச்சுவைஞர் இருவர் கூடின், சத்தியசித்து இரேயின் (1921–1992) படங்களுள் தலையாயது எது என்னும் வழக்கு எழாமற் போகாது. ஒருவர் 'பதேர் பாஞ்சாலி' (1955) என்பார். கேன் விழாவில் 1956இல் அது பெற்ற பரிசைச் சான்றாக்குவார். மற்றவர் 'சாருலதா' (1964) என்பார். குறை மிகக் குறைந்த படம் அதுவே என்று இரேயே கூறியதை எடுத்துவைப்பார். வீட்டுச் சிறுவரோ 'கூபி கைன் பாகா பைன்' (1969) என்பர். அவர்க்குச் சான்று வேண்டா, பாட்டே போதும். கதை இரேயின் பாட்டனாருடையது. பாடல்களும் இசையும் இரேயுடையன.

இம்மூன்றாம் தீர்ப்பை அயலார் எளிதிற் பொருட்படுத்தார். என்னை? ஏழ்மைக் காட்சி எந்நாட்டார் கண்ணுக்கும் விளங்கும். சொல்விளையாட்டும் எதுகையும் அம்மொழி அறிந்த செவிக்கே விளங்கும். திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பில் அவை வடிந்துபோம்.

அயலார் தந்த பெருமை பொய்யன்று; ஆயின் அது பாதியளவே. முழுநீளக் கதைப்படங்களுள் ஒன்று நீங்கலாக எல்லாவற்றையும் இரே தம் தாய்மொழியிலேயே எடுத்தார். அவரை முழுதும் அளக்கவல்லது அம்மொழி பேசும் மக்களின் செவியே. பரிசுப் பட்டியலைப் பார்த்துத் தம் சுவையைத் திருத்திக்கொள்ளும் மக்கள், தம் கலைஞனைப் பிறர் கண்ணால் மட்டுமே காண்பர்.