கேமராவைக் கேட்டு வாங்குங்கள்

இப்போது லேப்டாப் விளம்பரங்களில் முதல் வரியிலேயே வருவது என்பியு. செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென்றே செய்த சிப் இது. முகத்தைப் பார்த்ததும் லேப்டாப் திறப்பது இந்தச் சிப்பால்தான் என்று பலரும் நம்புகிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் வாங்கி லேப்டாப் எடுக்கும் குடும்பங்களுக்கு இதில் உள்ள உண்மை தெளிவாகத் தெரிய வேண்டும்.

முகம் பார்த்துத் திறக்கும் ‘விண்டோஸ் ஹலோ’ 2015-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் லேப்டாப்களில் என்பியு பரவலானது 2023-க்குப் பிறகுதான். முக அடையாளத்துக்கு அடிப்படை, திரைக்கு மேலே இருக்கும் அகச்சிவப்புக் கேமரா. போன் திரையில் உங்கள் படத்தை யாராவது அதன்முன் நீட்டினால், அதற்குத் தெரிவது வெறும் கறுப்புச் செவ்வகம். ஆப்பிளைப் பாருங்கள்: 2020-ல் வந்த எம்1 முதல் மேக்புக்குகளில் இதே வகைச் சிப் இருக்கிறது. ஆனாலும் அவை விரல்ரேகைக்குத்தான் திறக்கும். ஐபோனில் உள்ள ஆழம் அளக்கும் கேமரா அவற்றில் இல்லை.

என்பியு வீண் என்று சொல்லவில்லை. முகம் பார்ப்பது ஒரு நொடி வேலை. ஒரு மணி நேர வீடியோ அழைப்பில் பின்னணியை மங்கலாக்குவது ஓயாத வேலை. என்பியுவைப் பயன்படுத்தும் செயலியில் அதை ஆன் செய்துவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், என்பியு கோடு மேலேறுவது தெரியும். பிராசஸரின் சுமையும் பேட்டரிச் செலவும் அங்கேதான் குறைகின்றன. 2024-ல் வந்த ‘கோபைலட் பிளஸ்’ லேப்டாப்களுக்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் என்று குறைந்தபட்ச வரம்பு வைத்ததும் இத்தகைய வேலைகளுக்காகத்தான்.

ஆனால் பாதுகாப்பை இந்த வேகம் தந்துவிடாது. 2021-ல் சைபர்ஆர்க் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கேமராபோல் நடிக்கும் யுஎஸ்பி கருவி ஒன்றைச் செருகி, உரியவரின் ஒரே ஒரு அகச்சிவப்புப் படத்தைக் கொண்டு ஹலோவை ஏமாற்றிக் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைத்தது. மேம்பட்ட பாதுகாப்பு வசதி உள்ள லேப்டாப்களில், முகத்தை ஒப்பிடும் வேலை மற்ற மென்பொருள்கள் எட்டாத தனிப்பகுதியில் நடக்கிறது. உள்நுழைவுக்கான டிஜிட்டல் சாவியை டிபிஎம் என்ற சிப் காக்கிறது. முகப்பதிவு அந்த லேப்டாப்பை விட்டு வெளியே போவதில்லை.

ஆகவே கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். அகச்சிவப்புக் கேமரா உண்டா? ஹலோவின் மேம்பட்ட பாதுகாப்பு உண்டா? என்பியுவுக்கு உங்கள் அன்றாடத்தில் வேலை உண்டா? என்பியு வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடும் நிறுவனங்கள், முதலிரண்டு கேள்விகளுக்கான பதிலையும் பெட்டியின் மேல் அதே எழுத்தில் அச்சிட வேண்டும். காசு கொடுப்பவருக்கு அது உரிமை.