கோபுரமா, கைப்பேசியா?

குடியிருப்புப் பகுதியில் தொலைத்தொடர்புக் கோபுரம் எழும்போது, “இதன் கதிர்வீச்சால் நோய் வருமா?” என்ற கேள்வியும் உடன் எழுகிறது. 2018இல் வெளிவந்த ‘2.0’ தமிழ்த் திரைப்படம், இக்கதிர்வீச்சு பறவைகளுக்குத் தீங்கு செய்யும் என்ற அச்சத்தைக் கதைக்கருவாகக் கொண்டது. அச்சப்படுவோரை அறியாதவர்கள் என ஒதுக்குவது முறையன்று. எனினும், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதில் தெளிவு தேவை.

கதிர்வீச்சுகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. டெங்கில் வட்டாரத்தைப் பார்த்தாலே இது புரியும். கதிரியக்கப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் அணுசக்தி உரிம வாரியத்தின் அலுவலகம் டெங்கில் சாலையில் அமைக்கப்பட்டது. கோபுரங்களைக் கண்காணிக்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமோ அருகிலுள்ள சைபர்ஜெயாவில் இயங்குகிறது. கதிரியக்கப் பொருள்களின் கதிர்கள் உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கும் ஆற்றல் கொண்டவை. கைப்பேசி அலைகளுக்கு அவ்வாற்றல் இல்லை. அளவு மிகுந்தால் அவை உடல் திசுக்களைச் சூடாக்கும். எனவேதான் அவற்றுக்கும் வரம்பு விதிக்கப்பட்டுள்ளது.

2011இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வலைகளைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. சான்று முழுமையாக இல்லை. ஆனால், ஐயமும் நீங்கவில்லை என்பதே இதன் பொருள். இம்முடிவுக்குக் கைப்பேசியைப் பயன்படுத்துவோர் பற்றிய ஆய்வுகளே முக்கிய அடிப்படையாக இருந்தன.

கோபுரத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல அலையின் செறிவு விரைவாகக் குறைகிறது. கோபுரங்களால் மக்கள்மீது படும் அலைகள் அனைத்துலக வரம்பில் 0.002 முதல் 2 விழுக்காடு வரைதான் என உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் தெரிவித்தது. கைப்பேசியோ காதோடு ஒட்டியிருக்கிறது. மேலும், அலைவரிசை வலுவிழந்த இடத்தில் கைப்பேசி தன் ஆற்றலைக் கூட்டியே கோபுரத்தைத் தொடர்பு கொள்கிறது. ஆகவே, அருகிலுள்ள கோபுரத்தை அகற்றச் செய்தவர், தம் காதருகே வெளிப்படும் அலையை மிகுதியாக்கிக் கொள்ளவும் கூடும்.

இதனால் மக்கள் கேள்வி கேட்கக்கூடாது என்பதில்லை. கோபுரம் அமைக்கும் முன்பே குடியிருப்பாளர்களுடன் கலந்து பேச வேண்டும். அளவீட்டு முடிவுகளை எளிய மொழியில் கோபுரத்தின் அருகிலேயே எழுதி வைக்க வேண்டும். மறைக்கப்படும் தகவலே வதந்திக்கு இடமளிக்கிறது.

மாணவர்களும் நீண்ட உரையாடலுக்கு ஒலிபெருக்கியையோ இயர்போனையோ பயன்படுத்தலாம். அலைவரிசை வலுவிழந்த இடங்களில் பேச்சைச் சுருக்கிக் கொள்ளலாம். கோபுரத்தைக் குறித்துக் கேள்வி எழுப்புவோர், கையிலுள்ள கருவியைப் பயன்படுத்தும் முறையையும் சீர்தூக்கிப் பார்ப்பதே அறிவுடைமை.