டம்ளரும் டபராவும்

ஒரே அளவுப் பாலைத் தங்கைக்கு டம்ளரிலும் தமையனுக்கு டபராவிலும் வார்த்துவிட்டால் போதும், "அவளுக்குத்தான் நிறைய!" என்று ஐந்து வயதுப் பையன் அழத் தொடங்குகின்றான். கண்ணெதிரே அளந்து ஊற்றினாலும் சமாதானம் அடைவதில்லை. பிடிவாதம் என்று நாம் அதட்டுகின்றோம். மந்தம் என்று அடிப்பாரும் உளர்.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) ஆராய்ந்தது இதனையே. ஏறத்தாழ நான்கு முதல் ஏழு வயது வரை குழந்தை தோற்றத்தைக் கொண்டே முடிவு கட்டுகின்றது. பாலின் உயரம் கண்ணிற் பட்டால் பாத்திரத்தின் அகலம் மறைந்து போகின்றது. இதனை உள்ளுணர்வுச் சிந்தனை என்றார் அவர்.

ஆயினும் அவர் குழந்தையைச் சற்றே குறைத்து மதித்தார் என்பது நம் எண்ணம். 1974-இல் ஸ்காட்லாந்தில் மக்காரிகிள், டொனால்ட்சன் என்னும் இருவர், சமமான இரு வரிசை வில்லைகளுள் ஒன்றைப் பொம்மைக் கரடி குறும்பாகக் கலைப்பதுபோற் காட்டினர். ஆய்வாளர் தாமே கலைத்தபொழுதைக் காட்டிலும் மிகப் பல குழந்தைகள் "இரண்டும் சமம்" என்றனர். பெரியவரே மாற்றி வைத்துக் கேட்டதையே மறுபடியும் கேட்டால், விடையும் மாறவேண்டும் போலும் என்று குழந்தை மயங்குகின்றதாம்! அறியாமை பாதி, நம் முகம் பார்ப்பது பாதி.

நம் வீட்டில் டபராப் பாலை மற்றொரு டம்ளருக்கு மாற்றினோம். "இப்ப சரி" என்று குடித்துவிட்டான்.